கெம்பம்மா வளைத்த குழாய்

கெம்பம்மாவை நான் முதலில் பார்த்தபோது அவள் ஒரு இரும்புக் குழாயை நிமிர்த்திப் பிடித்து அதற்குள் மணல் இடித்துக்கொண்டிருந்தாள். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் என் லேத் பட்டறைக்கு நேர் எதிரே, தகரக் கூரை போட்ட சைலன்சர் பட்டறை அவர்களுடையது. குழாயைச் சூடாக்கி வளைக்கும்போது உள்ளே மணல் இறுகி நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைகிற இடம் சப்பையாகிவிடும். மணலைச் சலித்து, வறுத்து ஈரம் போக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, கம்பியால் இடித்து, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து அடைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதைச் சூடாக்கி வளைப்பதும் வெட்டுவதும் பற்றவைப்பதும் அவள் புருஷன் தீர்த்தகிரியின் வேலை.

இரண்டு பேரும் அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டு ஊரிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், தெலுங்கில் பேசுகிற ஆள் வந்தால் தெலுங்கு. நான் சாத்தூர்க்காரன். எனக்குத் தமிழை விட்டால் வேறு தெரியாது. அதனாலேயே என்மேல் அவர்களுக்கு ஒரு இரக்கம் இருந்தது. தீர்த்தகிரி முதலில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தான். எண்பத்தேழில் அந்தக் கம்பெனி கதவடைப்புச் செய்து, பிறகு திறக்கவே இல்லை. அதன் பிறகுதான் பட்டறை. முனிரத்னா என்று ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

தீர்த்தகிரிக்குத் தன் கைமேல் கர்வம் உண்டு. அது நியாயமான கர்வம்தான். அவன் பற்றவைத்த இடம் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக இருக்கும். வருகிறவர்களிடம் அதைத் துடைத்துக் காட்டுவான். மனைவியை ஆட்கள் முன்னால் "மணல்காரி" என்று கூப்பிடுவான். அவளும் சிரிப்பாள். அவன் டீ குடிக்கப் போகிற நேரங்களில் கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்துப் பழகி அவளும் பற்றவைக்கக் கற்றிருந்தாள். வேலை குவிந்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை மட்டும் அவளிடம் விடுவான்.

தொண்ணூறாம் வருஷம் பெல்லியப்பா என்று ஒருவர் பெங்களூரிலிருந்து ஒரு மஞ்சள் பியட் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். குடகில் காப்பித் தோட்டம் உள்ள குடும்பம். கார் பந்தயத்தில் பைத்தியம். காரின் பின்சீட்டில் சாக்கில் சுற்றி ஒரு டர்போ வைத்திருந்தார். உடைத்துப் போட்ட ஏதோ லாரியிலிருந்து கழற்றியது. பெரிய நத்தைக்கூடுபோல இருந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை அதன் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் இன்னொரு பக்கத்துச் சக்கரம் பெட்ரோல் கலந்த காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கும். எஞ்சினுக்கு இரண்டு மடங்கு பலம் வரும் என்றார் அவர். டர்போவிலிருந்து எஞ்சின் வரைக்கும் குழாய் போட்டுத் தர வேண்டும். பெங்களூரில் இரண்டு பட்டறையில் கேட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

தீர்த்தகிரி பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பட்டறைக்கு வந்து, "ரத்தினவேலண்ணா, இது மாதிரி ஒண்ணு இந்த ஜில்லாவுல எவனும் பண்ணியிருக்க மாட்டான்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். எஞ்சினின் முன்பக்கமாகச் சுற்றினால் குழாய் நீளமாகிவிடும். நீளமான குழாயில் பெட்ரோல் உள்ளேயே படிந்து தேங்கும் என்று பெல்லியப்பா பயந்தார். குறுக்கே போனால் புகைக்குழாயின் மேலாகப் போக வேண்டும். அது பழுக்கக் காய்கிற இடம். இரண்டு பேரும் பேசிப் பேசிக் குறுக்கு வழியையே முடிவு செய்தார்கள். அன்றைக்கு அது தப்பென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கெம்பம்மா மணல் இடித்தாள், தீர்த்தகிரி வளைத்தான், நான் இரண்டு முனைக்கும் போல்ட் போட்டு இறுக்குகிற வளையம், பிளாஞ்ச், கடைந்து கொடுத்தேன். எஞ்சின் குலுங்கும்போது குழாய் விரிசல் விடாமல் இருக்க நடுவில் ரப்பர் ஹோஸ் போட வேண்டும். கிடைத்தது ரேடியேட்டர் ஹோஸ்தான். அதை வெட்டிப் போட்டார்கள்.

ஓட்டிப் பார்த்த அன்று தெருவே கூடி நின்றது. பெல்லியப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். தீர்த்தகிரி பானட்டுக்குள் குனிந்து, கசிவு இருக்கிறதா என்று குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தான். டர்போ விசில் அடித்தது. சூடேறச் சூடேற ஹோஸ் இளகியிருக்க வேண்டும். எஞ்சின் ஒரு முறை தும்மியது. நெருப்பு குழாய் வழியாகப் பின்னால் அடித்து ஹோஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

யாராக இருந்தாலும் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். தீர்த்தகிரி இழுக்கவில்லை. எரிகிற ஹோஸை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினான், நெருப்பு கார்புரேட்டருக்குப் போய்விடக்கூடாது என்று. டெரிலின் சட்டை போட்டிருந்தான். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கெம்பம்மா சலித்து வைத்திருந்த மணலைச் சட்டி சட்டியாக வாரி எஞ்சின்மேல் கொட்டினாள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெல்லியப்பாவே அவனை வேறொரு காரில் பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு மூன்று தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். பிறகு வரவில்லை. தீர்த்தகிரி திரும்பி வந்தபோது இடது கை பரவாயில்லை. வலது கையின் விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி அப்படியே நின்றுவிட்டன. சோற்றைப் பிசைய முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. முனிரத்னாதான் பள்ளிக்கூடம் போகுமுன் அவனுக்குப் பொத்தான் போட்டுவிடுவாள்.

பட்டறை சில மாதம் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், கதவு திறந்திருக்கிறது. கெம்பம்மா புருஷனின் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாள். மத்திகிரிப் பண்ணை வண்டி ஒன்று சைலன்சர் உடைந்து வந்திருந்தது. டிரைவர், "யாரும்மா பத்த வெக்கப் போறது?" என்று கேட்டார்.

"நாந்தான்."

அவர் திரும்பி ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி.

முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு வேலையோடு வந்தார்கள். அவள் பற்றவைப்பில் தீர்த்தகிரியின் செதில் அழகு கிடையாது. ஆனால் பிடித்தால் விடாது. தீர்த்தகிரி அப்போதெல்லாம் பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்திருப்பான். "பாரு, மாட்டுக்குத் தழும்பு விழுந்த மாதிரி வெச்சிருக்கா" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் அடுத்த குழாயை எடுப்பாள். ஒரு தடவை ஒரு லாரிக்காரர் வெள்ளை மனசோடு, "மேஸ்திரி, உங்க சம்சாரம் பத்த வெச்ச எடம் இன்னும் ஒடையல, நீங்க வெச்சதுதான் போன வாரம் விட்டுப்போச்சு" என்றார். அதற்கப்புறம் தீர்த்தகிரி பட்டறைப் பக்கம் வருவதில்லை.

வீட்டில் உட்கார்ந்திருப்பான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பது அவன்தான். அவளோடு பேசுவது, அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, அவள் கையால் சாப்பிடுவது எல்லாம் அவன்தான். கெம்பம்மா இருட்டிய பிறகு கரியும் கேஸ் நாற்றமுமாக வருவாள். நின்று பேச அவளுக்குத் தெம்பு இருக்காது. மகள் எதையாவது கேட்டால் எரிந்து விழுவாள். எதிர்ப்பட்டறைக்காரனான எனக்கே தெரிந்தது, அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரு பக்கமும் ஒருத்தி மறுபக்கமும் ஆகிவிட்டார்கள் என்பது.

தொண்ணூற்றிரண்டில் அந்த மஞ்சள் கார் மறுபடியும் வந்து நின்றது. பெல்லியப்பாவுக்கு நரை விழுந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டே தீர்த்தகிரியின் கையைப் பற்றி விசாரித்தார். ஆனால் அவர் வந்தது தீர்த்தகிரியைப் பார்க்க அல்ல. நடுவில் வேறு இரண்டு இடத்தில் குழாய் போட்டு இரண்டும் விரிசல் விட்டுவிட்டது. யாரோ ஒரு லாரிக்காரர் கெம்பம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கன்னடத்தில் கேட்டார். அவள் "பேடா" என்றாள். வேண்டாம் என்பதை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார், யோசித்துச் சொல்லுங்கள் என்று.

மறுநாள் அவள் பானட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்னம்மா, வேண்டாம்னுதான சொன்ன?" என்று கேட்டேன்.

"அது எப்பிடி எரிஞ்சிதுன்னு தெரியணும்ணா. ரெண்டு வருசமா அதேதான் நெனப்பு. தெரியாம இருக்க முடியல."

வீட்டில் அதற்காக நடந்த சண்டை தெரு முழுக்கக் கேட்டது. "அந்தக் காரத் தொட்டா நான் பட்டறக்கி வரமாட்டன்" என்றான் தீர்த்தகிரி. "இப்ப மட்டும் வரிங்களா?" என்றாள் அவள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் பிறகு தோன்றியிருக்கும்.

அவள் உடனே குழாயை எடுக்கவில்லை. தடித்த கம்பியை வளைத்து வளைத்து எஞ்சினுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளைத்த கம்பியை எடுத்துவந்து என் பெஞ்சில் போட்டு, "இங்க பெட்ரோல் நிக்கும்ணா" என்று பள்ளமான இடத்தைக் காட்டுவாள். திரும்பிப் போய் வேறு வளைப்பாள். கடைசியில், குழாய் நீளமாக இருந்தாலும் மேலிருந்து கீழாக ஒரே சரிவில் எஞ்சினுக்குள் இறங்கினால் பெட்ரோல் தேங்காது என்ற முடிவுக்கு வந்தாள். அதற்கு டர்போவை உயரத் தூக்கி வைக்க வேண்டும். நான் அதற்கு ஒரு தடித்த பிளாஞ்ச் கடைந்து தந்தேன். குழாயைப் புகைக்குழாய்ப் பக்கமே விடாமல் முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனாள். இரண்டுக்கும் நடுவில் சூடு தாக்காமல் ஒரு தகட்டை இடைவெளி விட்டு நிறுத்தினாள். ரேடியேட்டர் ஹோஸுக்குப் பதில், கித்தான் அடுக்கி வார்த்த கெட்டி ஹோஸ் சிப்காட்டில் ஒரு இடத்தில் கிடைத்தது. ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடாதபடி குழாயின் வாயைச் சுற்றி ஒரு மேடு வைத்தாள். ஒவ்வொரு முனைக்கும், ஹோஸைச் சுற்றித் திருகி இறுக்குகிற பட்டைக் கிளாம்ப் இரண்டு. குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்த பிறகுதான் காரில் மாட்டினாள். இந்தத் தடவை மணல் இடித்ததும் அவளே, வளைத்ததும் அவளே.

மாட்டி முடித்த மறுநாள் சாயந்திரம் பெல்லியப்பா வருவதாக இருந்தது. மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். லேத்தில் நின்றபடி பார்த்தேன். தீர்த்தகிரி பட்டறைக்குள் வந்தான். பானட்டைத் தூக்கி, வெகுநேரம் குனிந்திருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீம்பை விட்டு வேலையைப் பார்க்க வந்துவிட்டான் என்று நினைத்தேன். என் பக்கம் பார்க்காமலே போனான்.

கெம்பம்மா பையோடு வந்ததும் ரோட்டைக் கடந்து போய் நானே சொன்னேன்: "தீர்த்தகிரி வந்து காரைப் பார்த்துட்டுப் போனான்மா."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். "ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

பையை இறக்கி வைத்துவிட்டுக் காரிடம் போனாள். கையை உள்ளே விட்டுக் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கை நின்றது. திருப்புளியை எடுத்தாள். ஒவ்வொரு கிளாம்பாக இறுக்கினாள். ஹோஸின் இரண்டு முனையிலும் திருகுகள் கடைசி மரைவரை தளர்ந்திருந்தன. ஹோஸ் சும்மா குழாயின்மேல் உட்கார்ந்திருந்தது.

"லூசா இருந்துச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் என் பட்டறைக்குத் திரும்பினேன். சாயந்திரம் எஞ்சின் ஓடும்போது பானட்டுக்குள் குனிந்து கசிவு பார்க்கப் போவது யார் என்று தீர்த்தகிரிக்குத் தெரியும். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெல்லியப்பா வந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார். டர்போ விசில் அடித்து, பிறகு அலறியது. கெம்பம்மா குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் கசிவில்லை. அவர் கிருஷ்ணகிரி ரோட்டில் கொஞ்சதூரம் ஓட்டிப் போய், சின்னப் பையனைப்போலச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அவளையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று தலையசைத்தாள். அந்தக் கார் மெட்ராஸ் பக்கம் ஒரு பந்தயத்தில் நன்றாக ஓடியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அவர் மறுபடி இந்தப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் தீர்த்தகிரி அஞ்செட்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். முனிரத்னாவும் அவனோடு போனாள். பஸ் ஏறும்போது அந்தப் பெண் தாயிடம் சொன்னதை நானும் கேட்டேன். "உனக்கு வெல்டிங்தான் வேணும். அப்பாவ வெரட்டிட்ட." கெம்பம்மா மகளின் பையை பஸ்ஸுக்குள் தூக்கி வைத்தாள். துணிமணி வாங்கி அஞ்செட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். சில சமயம் அது அப்படியே திரும்பி வரும்.

தொண்ணூற்றெட்டில் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி அனுப்பினார்கள். தனியாகப் போக அவளுக்கு மனசில்லை. என்னைக் கூட வரச்சொன்னாள். பந்தலில் தீர்த்தகிரியின் அண்ணனும் அண்ணிக்காரி வெள்ளையம்மாவும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். கெம்பம்மா வந்தவர்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொன்னில் ஒரு ஜதை கம்மல் செய்து கொண்டுவந்திருந்தாள். முனிரத்னா வாங்கி, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, "வந்ததே போதும், சாப்ட்டுட்டுப் போ" என்றாள். தீர்த்தகிரி எங்கள் பக்கம் வரவேயில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "பொம்பள நெருப்ப எடுத்தா குடும்பம் இப்பிடித்தான்" என்று எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கார் போன அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அவனை முதல்முதலாக நீ என்று பேசினாளாம்.

"என் கையும் வேகட்டும்னு நெனச்சியா?"

"தீப்பிடிக்கும்னு நெனக்கல. வேல கெடட்டும்னுதான் நெனச்சன்."

"நீ அந்த நெருப்புல வெந்தவன். உனுக்குத் தெரியாதா?"

அவன் மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அதற்கப்புறம் அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் பயமாக இருந்தது என்றாள்.

"மகள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லாதப்பவே இந்த மாதிரி. சொல்லி, அவ நம்பலன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணத்துக்காகப் புதுப்புடவை கட்டியிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் போகாத கரி நகக்கண்களில் நின்றிருந்தது. பந்தலில் அதை மறைக்கக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தேன்கனிக்கோட்டையில் இறங்கி ஓசூர் பஸ்ஸுக்கு நின்றோம். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பந்தியில் உட்கார்ந்தாயே, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றாள். பஸ் வந்தபோது உட்கார இடமில்லை. ஓசூர் வரைக்கும் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம்.